பாலத்து ஏற்றத்தில் ஒரு சத்தம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பிப்ரவரியில் அப்பாவின் காரில் வெப்பம் காட்டும் ஊசி முதல்முறையாகப் பாதியைத் தாண்டியது. மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி மறித்திருந்த இடம். நெரிசல்தான் காரணம் என்றார் அப்பா.

2. மார்ச்சில், திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. எவர்சில்வர் டப்பாவில் நாலைந்து கொண்டைக்கடலையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதுபோல.

3. ஏப்ரலில் ஊசி சிவப்பைத் தொட்டது. அப்பா ஓரம் கட்டி, இருபது நிமிடம் ஆறவிட்டார். அம்மாவின் டயாலிசிஸ் இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

4. ரேடியேட்டரைக் கழுவினோம். அதன் மூடியை மாற்றினோம். ஒரு வாரம் சரியாக இருந்தது.

5. மே மாதம், எஞ்சின் சூட்டைக் குறைக்கக் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினோம். வெளியே கத்திரி வெயில். அம்மா கால்களில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

6. ஜூன் கடைசியில் காரணம் எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

7. செப்டம்பரில், நான் ஊரில் இல்லாத ஒரு வியாழக்கிழமை, பாலத்தின் மேல் எஞ்சின் நின்றுவிட்டது.

ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம். எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடி. மருத்துவமனை அடையாற்றில். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி, காலை பதினொன்றரை மணிக்கு அவளுக்கு இடம். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். நாங்கள் தாமதமாகப் போனால் அந்த நான்கு மணி நேரத்தில்தான் வெட்டுவார்கள். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். குறைத்த நேரம் உடம்பில் தண்ணீராகத் தங்கிவிடும்.

முதல் வருடம் வாடகைக் காரில்தான் போய் வந்தோம். ஒருநாள் திரும்பும் வழியில் அம்மா வாந்தி எடுத்துவிட்டாள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி, இருக்கையைப் பார்த்துக் கத்தினார். அம்மா புடவைத் தலைப்பால் இருக்கையைத் துடைத்தாள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், "இனிமே அவளை வேற எவன் வண்டியிலயும் ஏத்தமாட்டேன்" என்றார். உறை போட்டு நிறுத்தியிருந்த பழைய காரை மறுநாளே வெளியே எடுத்தார்.

என்னைவிட இரண்டு வயது மூத்த கார். கார்பரேட்டர் வண்டி, கணினி கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு, பொறி விழும் நேரம் எல்லாமே கையால் வைப்பது. அப்பா வங்கியில் வேலை பார்த்தவர் என்றாலும் இந்தக் காரின் எல்லா வேலையும் அவருக்குத் தெரியும். அம்மாவுக்காக அவர் செய்யக்கூடியது என்று மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். சமைக்கத் தெரியாது. மருந்துகளின் பெயர் நிற்காது. ஊசி குத்துவதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவார். வாரத்துக்கு மூன்று நாள் அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அவருடையது. அதை யாரும் அவரிடமிருந்து எடுக்கக்கூடாது என்பது வீட்டில் சொல்லாமலே இருந்த விதி.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். கார் எஞ்சின்களைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். முன் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன்.

"அப்பா, கேக்கறதா?"

"என்னது?"

"எஞ்சின்ல. நாக்கிங்."

"போடீ. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துண்டு உக்காந்துண்டு, உனக்கு எதைப் பார்த்தாலும் கோளாறாத் தெரியறது. எஞ்சின் நன்னா பாடிண்டு போறது."

"பாடலைப்பா. பல்லைக் கடிக்கறது."

பின்னாலிருந்து அம்மா, "ரெண்டு பேரும் ரோட்டைப் பாருங்கோளேன்" என்றாள்.

நாக்கிங் என்பது சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரிந்து பரவாமல் ஒரு மூலையில் வெடிப்பது. அந்த வெடிப்புதான் உலோகத்தில் மோதிச் சத்தமாகக் கேட்கிறது. அது சூட்டைக் கூட்டும். சூடு கூடினால் அதுவும் கூடும். எது முதலில் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்பா பிடிவாதத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சமையலறையில் பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். திறக்க வேண்டிய சூட்டில் திறந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "இதை எத்தனை விசில் விடணும்?" என்றாள். அந்தப் பாத்திரத்தை மறுபடி பாலுக்கு வைக்கவில்லை. ரேடியேட்டர் விசிறி சுற்றியது. தண்ணீர் பம்ப் ஒழுகவில்லை. பெட்ரோல் ஒரு காரணம்: இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கூடுதல். பழைய கார்பரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை விடும், கலவை நீர்த்துப்போகும், வண்டிக்கு இழுவை குறையும், கொஞ்சம் சூடாகும். கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை ஓர் அளவு பெரிதாக மாற்றினேன். ஊசி ஒரு கோடு இறங்கியது. சத்தம் நிற்கவில்லை.

மிச்சம் இருந்தது டைமிங். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும் என்ற கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் என்ற உருளையைக் கொஞ்சம் திருப்பினால் பொறி முன்னாலோ பின்னாலோ போகும். முன்னால் வைத்தால் இழுவை கூடும். அதிகம் வைத்தால் நாக்கிங் வரும்.

அதைப் பார்க்க ஒரு விளக்கு வேண்டும். அசோக் நகரில் அப்பாவின் வண்டியை வருடக்கணக்காகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுபோனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் வேலையைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார்.

"இன்னாம்மா, நீ கம்ப்யூட்டர் சொருவிப் பாக்கலியா?"

"சொருகறதுக்கு இதுல இடமே இல்லையே அண்ணா."

"அதான் எனக்கு இத்தப் புடிக்கும். ஒயரும் கம்மி, வாயும் கம்மி. ஓனருக்குத் தான் வாய் ஜாஸ்தி."

விளக்கைப் பிடித்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். என்னிடம் கொடுத்து, "நீயே பாரு" என்றார். எட்டு டிகிரியில் இருக்க வேண்டியது இருபதில் இருந்தது.

"யார் வெச்சது?" என்றேன்.

"உங்கப்பாரு தான். நம்மள தொட உடமாட்டாரே. நீ மத்ததப் பாரு, டைமிங்க நான் காதாலயே வெச்சிக்கிறேன்னு சொல்லிக்கினு இருப்பாரு. நானும் பின்னாலயே லைட்டு அடிச்சிப் பாத்துக்கீறேன். ஒரு டிகிரி மாறாது. அப்டி ஒரு காது அவருக்கு. இந்த வாட்டி இன்னாமோ தெரில."

நானே எட்டுக்கு வைத்தேன். உருளையிலும் அதன் அடியிலும், பின்பக்கமாக, ஒரே நேர்கோட்டில் நகப்பூச்சால் சின்னதாக ஒரு கோடு போட்டேன். வீட்டில், சரிசெய்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஊசி பாதியிலேயே நின்றது. சனிக்கிழமை பாலத்தில் ஏறும்போது மறுபடி அதே கொண்டைக்கடலைச் சத்தம். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். இரண்டு கோடுகளும் சேரவில்லை. விரல் அகலத்துக்கு விலகியிருந்தன.

"இழுக்கவே மாட்டேங்கறதும்மா" என்றார் அப்பா, கேட்பதற்கு முன்பே. "மெக்கானிக் எதையோ கெடுத்துட்டான். நான்தான் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்."

"எப்படி வெக்கறேள்னு எனக்குக் காட்டுங்கோப்பா."

அவருக்கு முகம் மலர்ந்தது. இப்போது நினைத்தால் அந்த மலர்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு, விடிந்த கையோடு பாலத்துக்குப் போனோம். அவருடைய முறை எளிது. பழைய கார் வைத்திருந்தவர்கள் பலரும் செய்ததுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி, இம்மியளவு முன்னால் திருப்பி, ஏற்றத்தில் நாலாவது கியரிலேயே வைத்து அழுத்துவது. சத்தம் வராவிட்டால் இறங்கி இன்னும் இம்மியளவு. லேசாக ஒரு சத்தம் எட்டிப் பார்க்கும் இடம் வந்ததும், அதிலிருந்து ஒரு நூல் பின்னால் எடுத்து இறுக்கிவிடுவது. எந்த விளக்கும் வேண்டாம். அந்த வண்டிக்கு, அன்றைய பெட்ரோலுக்கு, அதுதான் சரியான இடம்.

முதலில் நான் கோட்டுக்கு நேராக வைத்துக் கொடுத்தேன். அவர் ஓட்டினார். சத்தம் இல்லை. இறங்கித் திருப்பினார். இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை ஏறும்போது மெல்லியதாக வந்தது. நிறுத்துவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயைத் திறந்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் வரலை" என்றார்.

திரும்பி வந்து இன்னும் முன்னால் வைத்தார். இந்த முறை சத்தம் கண்ணாடியைத் தட்டுவதுபோல் இருந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கிட்ட வந்துட்டோம்" என்றார் அப்பா.

ஆறாவது முறைதான், எஞ்சின் முழுக்க அதிரத் தொடங்கிய பிறகு, "இதோ, வந்துடுத்து பார், கேட்டியோ?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு நூல் பின்னால் எடுத்தார். திருகை இறுக்கினார். கோடுகள் விரல் அகலத்துக்கு விலகியிருந்தன.

கேட்டது என்று சொன்னேன்.

அவர் முறை சரி. கை சரி. காதுதான் போய்க்கொண்டிருந்தது. வயதாகும்போது காது முதலில் விடுவது மேல் பக்கத்து, கீச்சென்ற ஒலிகளை. அந்த எஞ்சினின் நாக்கிங் விழுவது அங்கேதான். பேச்சு பெரும்பாலும் அதற்குக் கீழே. லாரி ஹாரனும் பஸ் ஹாரனும் கீழே. அதனால் வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததையும் நாங்கள் கவனிக்கவில்லை. ஜுரமானியை அம்மாவின் அக்குளில் வைத்துவிட்டு, அது கீச்சிட்டு ஓய்ந்த பிறகும், "இன்னும் அடிக்கலையே" என்று கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். மறதி என்று நினைத்து அம்மா அதைத் தானே எடுத்துக் கொடுப்பாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதற்கும் நோட்டில் எழுதினேன். வருடக் கடைசியில் அவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த வயதில் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் காதைப் பற்றியும் ஒரு வரி உண்டு. காது சரியில்லை என்று தெரிந்தால் அவர் தானாகவே ஓட்டுவதை நிறுத்திவிடுவார், அப்படிப்பட்ட மனிதர். நிறுத்தினால் அம்மாவைக் கூட்டிப்போக அவருக்கு வழியில்லை. ஹாரன் கேட்கிறதே, ஓட்டுவதில் ஆபத்தில்லையே. இந்த மூன்றும் எழுதினேன். நான்காவதை எழுதவில்லை: அவர் நிறுத்தினால் வாரத்தில் இரண்டு வேலைநாள் நான் ஓட்ட வேண்டியிருக்கும். அலுவலகத்தில் எனக்கு அப்போதுதான் ஒரு புதிய எஞ்சினின் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே காரை மட்டும் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை மாலை அப்பா கோயிலுக்குப் போகும் முக்கால் மணி நேரத்தில் பானெட்டைத் திறந்து, கோட்டுக்குக் கோடு சேர்த்து இறுக்கிவிடுவேன். செவ்வாய் நன்றாகப் போகும். செவ்வாய் மாலையோ புதன் காலையோ அவர் இழுவை இல்லை என்று மறுபடி ஏற்றிவைப்பார். வியாழக்கிழமை சூடாகும். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் முடிந்தால் நான் மறுபடி இறக்குவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த உருளை வாரா வாரம் இப்படியும் அப்படியுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை.

"அந்த பங்க்ல ஏதோ கலக்கறான்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "சனிக்கிழமை போட்டா செவ்வாக்கிழமை வண்டி சோர்ந்து போயிடறது." ஆழ்வார்பேட்டைப் பக்கம் வேறு பங்கைத் தேடிப் போனார். அங்கே போட்ட பெட்ரோலும் சரியில்லை என்றார். அதற்கப்புறம் தியாகராய நகர். அந்த நெரிசலில் போய் ஒரு மணி நேரம் கழித்து வியர்த்துக்கொண்டு வந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

செப்டம்பரில் வேலையாகப் பத்து நாள் மலைப்பாதைக்குப் போக வேண்டி வந்தது. புதிய எஞ்சினை ஏற்றத்தில் ஓட்டி, எந்த இடத்தில் நாக்கிங் வருகிறது என்று கருவிகளால் அளக்கும் வேலை. புறப்படும் முன் கோடுகளைச் சேர்த்து வைத்தேன். மெக்கானிக்கிடம் சொல்லி நடுவில் ஒருமுறை பார்க்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்ல வேண்டுமென்றால் காரணமும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

அந்தப் பத்து நாளில் பின்னால் இறக்க யாரும் இல்லை. நான் போன மறுநாளே அவர் ஏற்றிவைத்திருக்கிறார். முதல் வாரம் எப்படியோ ஓடியிருக்கிறது. இரண்டாவது வியாழக்கிழமை பாலத்தின் நடுவில் ஆவி கிளம்பி, எஞ்சின் நின்றுவிட்டது. சிலிண்டருக்கு மேலிருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வெந்து, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டிருந்தது. அப்பா அதை அறியாமல், ஆறினால் ஓடும் என்று காத்திருந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் துண்டால் வீசியிருக்கிறார். வேறு வண்டியைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை, அவராகவும் கூப்பிடவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து யாரோ ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "இன்னா சார், அம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு, நீ எஞ்சினப் பாத்துக்கினு கீறியே" என்று அதட்டி, அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்.

ரத்த அழுத்தம் இறங்கியிருந்ததால் போனதும் தொடங்க முடியவில்லை; அன்று இரண்டே கால் மணி நேரம்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கால் வீங்கியது. சனிக்கிழமை காலை மூச்சு முட்டியது. நுரையீரலில் தண்ணீர் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். நான் மலையிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தேன். ஐந்தாம் நாள் அவளைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பேசத் தெம்பு வந்ததும் அவள் முதலில் கேட்டது, "வண்டி என்னடி ஆச்சு?"

"அதை விடும்மா."

"அவருக்குக் காது கேக்கலை, இல்லையா?"

போர்வையை அவள் கால்மேல் இழுத்துவிட்டேன்.

"எனக்கு ஒரு வருஷமாவே தெரியும்" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா. முதல்ல காலிங் பெல். அப்பறம் அந்த ஜுரம் பார்க்கறது. நான் சத்தமாப் பேசிப் பழக்கிண்டேன். நீ சாயங்காலம் வண்டியைத் திறந்து என்னமோ பண்ணிட்டு மூடறதை ஜன்னல்ல பார்த்திருக்கேன். அவர் மறுநாள் அதையே திறப்பார். கேக்கலாம்னு பார்த்தேன். கேட்டா அவர் ஓட்டமாட்டார்னுதான் நீயும் சொல்லாம இருக்கேன்னு புரிஞ்சுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தக் கடகடன்னு சத்தம் எனக்கும் கேட்டுண்டுதான் இருந்தது."

காரை மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். எஞ்சினின் மேல்பாகத்தைத் திறந்த அன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சொல்வது என்றால் அங்கேயே சொல்வது என்று வைத்திருந்தேன். பிஸ்டன்களின் தலையில் எறும்பு அரித்ததுபோல் குழிகள். மெக்கானிக் துணியால் துடைத்து விரலால் காட்டினார்.

"நாக் அடிச்சி அடிச்சி தின்னுக்கீது பாரு சார். இது ஒரு நாள்ல வர்றது இல்ல. மாசக்கணக்கா அடிச்சிக்கீது. இவ்ளோ சத்தம் ரோட்ல போற நாய்க்குக் கூட கேட்ருக்கும், உனுக்கு எப்டி சார் கேக்காம போச்சு?"

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். துணியை எடுத்துக்கொண்டு டீ சொல்லிவிட்டு வருவதாகப் போய்விட்டார்.

அப்பா குனிந்து நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கோடுகள் அவர் கண்ணில் பட்டன. கட்டைவிரலால் மேல் கோட்டைத் தேய்த்தார்.

"இது உன்னோடதா?"

"ஆமாம்பா."

"சனிக்கிழமை சனிக்கிழமை?"

"ஆமாம்."

"பெட்ரோல்ல ஒண்ணும் இல்லை, அப்படித்தானே?"

"ஒண்ணும் இல்லைப்பா. உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்கலை. அது மட்டும்தான். வேற எல்லாம் சரியாத்தான் பண்ணினேள்."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு மாசமா."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் பட்டியல் இருந்தது. அவர் ஷெட்டின் ஓரத்தில் இருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசம்" என்றார். "மூணு மாசமா அவளைப் பின்னாடி உக்காரவெச்சுண்டு ஓட்டியிருக்கேன். நீயும் பக்கத்துல உக்காந்துண்டு வந்திருக்கே."



டீ வந்தது. அப்பா வாங்கிக் குடித்தார். எழுந்து சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, என்னிடம் கொடுக்காமல், காரின் கூரைமேல் வைத்தார். அசோக் நகர் மெட்ரோவுக்கு நடக்கத் தொடங்கினார். கூட வருகிறேன் என்று சொன்னேன். சாலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டும் இருக்கலாம்.

அதற்கப்புறம் காதுப் பரிசோதனைக்கு அவரே தனியாகப் போனார். முடிவுத்தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வரைபடத்தின் இடது பக்கம் பெரும்பாலும் சமமாக இருந்தது. வலது பக்கம், உயரமான ஒலிகளுக்குப் போகப் போக, இரண்டு காதுகளின் கோடுகளும் ஒன்றாகக் கீழே விழுந்தன. காதுக்கருவி வைத்தால் பேச்சு இன்னும் தெளிவாகும், அந்த உயரத்து ஒலிகள் முழுதாகத் திரும்பாது என்று எழுதியிருந்தது. வாங்கி வந்தோம். வைத்துக்கொள்கிறார். ஜுரமானி அடிப்பது இப்போது கேட்கிறது.

கருவியோடு உரிமம் கிடைக்கும், முயற்சி செய்யலாம் என்று இரண்டு முறை சொன்னேன். முதல் முறை கருவியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை, "அவ கேட்டா பார்க்கலாம்" என்றார். அம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறாளா, கேட்கத் தெம்பில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளால் மாடிப்படியைத் தானாக இறங்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்குகிறோம். அந்த வியாழக்கிழமை இல்லாவிட்டாலும் இது வந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். எவ்வளவு காலம் கழித்து வந்திருக்கும் என்று நான் கேட்டதற்கு, அதைக் கணக்கிட முடியாது என்றார்.

இப்போதைய நிலை இது. பிஸ்டனும் கேஸ்கெட்டும் மாற்றியாகிவிட்டது. டைமிங் எட்டு டிகிரியில் இருக்கிறது. ஊசி பாதியைத் தாண்டுவதில்லை. பாலத்து ஏற்றத்தில் சத்தம் இல்லை. செவ்வாயும் சனியும் நான் ஓட்டுகிறேன். புதிய எஞ்சினின் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை வாடகைக் கார் வருகிறது. அப்பா மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு அம்மாவோடு பின்னால் உட்கார்ந்து போகிறார். அவருடைய உரிமம் டிசம்பரோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை.